ஜிபி வாட்ஸ்அப் யூஸ் பண்றீங்களா? ப்ளூ டிக்கை மறைக்கப் போய் சாவியையே பறிகொடுக்கும் ஆபத்து! - முழு விளக்கம்

"மச்சி, இதுல ப்ளூ டிக் போகாது. டெலிட் பண்ண மெசேஜையும் பார்க்கலாம். ஒரே போன்ல ரெண்டு நம்பர் வச்சுக்கலாம். லிங்க் அனுப்புறேன், ஏத்திக்கோ."

பெரும்பாலும் கதை இப்படித்தான் தொடங்குகிறது. லிங்க்கைத் தொட்டால் ஒரு ஃபைல் இறங்கும். "தெரியாத இடத்தில் இருந்து இன்ஸ்டால் செய்ய அனுமதிக்கவா?" என்று போன் கேட்கும். 'சரி' கொடுத்தால் பச்சைக் கலரில் அதே வாட்ஸ்அப் மாதிரியே ஒரு ஆப் வந்து உட்கார்ந்துவிடும். சில மாதங்கள் எந்தப் பிரச்னையும் இருக்காது. பிறகு ஒருநாள் காலையில் திறந்தால், 'உங்கள் கணக்கு தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பும், கீழே ஓடும் கடிகாரமும் மட்டும்தான் மிச்சம்.

அரட்டைக்கு மட்டும் வாட்ஸ்அப் வைத்திருப்பவருக்கு இது ஒரு சின்ன எரிச்சல். ஆனால் தையல் ஆர்டர், ட்யூஷன் குரூப், மகளிர் குழுக் கணக்கு, பிள்ளையின் பள்ளி அறிவிப்பு என அத்தனையும் அதற்குள் வைத்திருப்பவருக்கு அன்றைய பிழைப்பே நின்றுபோகும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. கணக்கு முடங்குவது இருப்பதிலேயே சின்ன ஆபத்துதான். முடங்காமல், எதுவுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் போலி ஆப்தான் பெரிய ஆபத்து. ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

தேர்டு பார்ட்டி ஆப் என்றால் என்ன?

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், டெலிகிராம் போன்ற சேவைகளை நடத்தும் நிறுவனம் ஒரு தரப்பு. பயன்படுத்தும் நீங்கள் இன்னொரு தரப்பு. இந்த இருவருக்கும் நடுவில் வேறொருவர் செய்து தரும் ஆப் வந்தால் அதுதான் மூன்றாம் தரப்பு ஆப். இதில் மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை, மோட் ஆப். அசல் ஆப்பைப் பிரித்து, உள்ளே சில மாற்றங்களைச் செய்து, மறுபடியும் கட்டி வெளியிடுவது. ஜிபி வாட்ஸ்அப், எஃப்எம் வாட்ஸ்அப், யோ வாட்ஸ்அப் எல்லாம் இந்த ரகம்.

இரண்டாவது வகை, துணை ஆப். 'உங்கள் ப்ரொஃபைலை யார் பார்த்தார்கள்', 'ஒரே நாளில் ஃபாலோயர்ஸ் கூட்டலாம்', 'ஸ்டோரி டவுன்லோட் பண்ணலாம்' என்று சொல்லி வந்து, உங்கள் இன்ஸ்டா அல்லது ஃபேஸ்புக் பாஸ்வேர்டைக் கேட்பவை.

மூன்றாவது வகை, நிறுவனமே கதவைத் திறந்துவிட்டு, 'நீங்களும் ஆப் செய்துகொள்ளலாம்' என்று அனுமதி கொடுத்தது. டெலிகிராமில் இதற்கு வழி இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் குழப்பமே வருகிறது.

இந்த ஆசை எப்போது தொடங்கியது?

2012-லேயே 'வாட்ஸ்அப் ப்ளஸ்' என்ற மோட் ஆப் வந்துவிட்டது. அன்றைய வாட்ஸ்அப்பில் இல்லாத கலர் தீம்கள், கூடுதல் பிரைவசி வசதிகள் அதில் இருந்தன. 2015 ஜனவரியில் அதைப் பயன்படுத்தியவர்களின் கணக்குகளை வாட்ஸ்அப் 24 மணி நேரத்துக்கு முடக்கியபோதுதான் பலருக்கும் இது அதிகாரபூர்வ ஆப் இல்லை என்பதே தெரியவந்தது.

அந்த ஆப் போனது. ஆனால் ஆசை போகவில்லை. ஒன்றை மூடினால் இன்னொரு பெயரில் வேறொன்று முளைத்தது. மோட் ஆப் பயன்படுத்துவது தங்கள் சேவை விதிகளை மீறுவது என்று வாட்ஸ்அப் தொடர்ந்து சொல்லி வருகிறது. முதலில் தற்காலிகத் தடை வரும். அதன் பிறகும் அதே ஆப்பில் தொடர்ந்தால் நிரந்தரத் தடைக்கும் போகலாம்.

'என்கிரிப்ஷன்' இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?

நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி உங்கள் போனில் பூட்டப்பட்டு, எதிர்முனைப் போனில்தான் திறக்கும். நடுவில் வாட்ஸ்அப் நிறுவனமே படிக்க முடியாது. 'எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்' என்பது இதுதான்.

ஆனால் அந்தப் பூட்டைப் போடுவதும் திறப்பதும் யார்? போனில் இருக்கும் ஆப்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக் கடிதம் எழுத வைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கடிதத்தை அரக்கு வைத்து ஒட்டலாம். தபால்காரர் பிரிக்கவே மாட்டார். ஆனாலும் எழுதிக் கொடுத்தவருக்கு எல்லாம் தெரியும். வந்த பதிலைப் படித்துக் காட்டும்போதும் தெரியும். மோட் ஆப் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் டைப் செய்வதைப் பூட்டு போடுவதற்கு முன்பே அது பார்க்கிறது. வருவதைத் திறந்த பிறகு பார்க்கிறது.

ஆக, பூட்டு சரியாகத்தான் இருக்கிறது. சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஜிபி வாட்ஸ்அப் என்ற ஒரே பெயரில் பல இணையதளங்கள் பல ஃபைல்களைத் தருகின்றன. அவற்றில் எதை யார் செய்தார், எங்கிருந்து செய்தார், உள்ளே என்ன சேர்த்தார் என்று டவுன்லோட் செய்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு ஆப்பிலும் அதைச் செய்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். அசல் ஆப்பைப் பிரித்து ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. மோட் செய்தவர் தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டுத்தான் வெளியிட வேண்டும். அதனால் வாட்ஸ்அப் நிறுவனம் வெளியிடும் பாதுகாப்பு அப்டேட் எதுவும் மோட் ஆப்புக்கு நேரடியாக வராது. மோட் செய்தவர் மனது வைத்தால்தான் உண்டு.

இதுவரை நடந்தது என்ன?

'பயமுறுத்துறாங்கப்பா, நான் ரெண்டு வருஷமா யூஸ் பண்றேன், ஒண்ணும் ஆகல' என்பவர்களுக்காக, வெளியே வந்த சில சம்பவங்கள்:

2021 ஆகஸ்ட்: எஃப்எம் வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்பில் 'ட்ரையாடா' என்ற ட்ரோஜன் இருப்பதை காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. விளம்பரம் காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்ட பகுதியோடு அது உள்ளே வந்திருந்தது. அந்த ட்ரோஜன் வேறு வைரஸ்களை இறக்கும். பயனருக்கே தெரியாமல் கட்டணச் சந்தாவில் சேர்த்துவிடும். மோட் ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியைப் பயனரே கொடுத்திருப்பதால், சந்தாவை உறுதி செய்யும் மெசேஜையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

2022 அக்டோபர்: யோ வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்பு, பயனரின் வாட்ஸ்அப் கணக்குச் சாவிகளைத் திருடி அனுப்புவதாக அதே நிறுவனம் தெரிவித்தது. சாவி கிடைத்தால் உங்கள் போன் இல்லாமலேயே உங்கள் கணக்கை இயக்கலாம். வீடியோ டவுன்லோட் செய்ய இந்தியாவிலும் பலர் வைத்திருந்த ஸ்னாப்ட்யூப், விட்மேட் ஆப்கள் வழியாகவும் இந்த மோட் பரவியது கவனிக்க வேண்டியது.

அதே 2022: 'ஹே வாட்ஸ்அப்' என்ற பெயரில் வரும் ஆப்களை நம்ப வேண்டாம் என்று வாட்ஸ்அப்பின் தலைவர் வில் கேத்கார்ட் ஜூலையில் எச்சரித்தார். அக்டோபரில் மெட்டா நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 10 லட்சத்துக்கும் அதிகமானோரை ஏமாற்றி அவர்களின் வாட்ஸ்அப் கணக்குகளைக் கைப்பற்றி, ஸ்பேம் அனுப்பப் பயன்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த ஆப்களில் சில கூகுள் ப்ளே ஸ்டோரிலேயே இருந்தன.

2023 நவம்பர்: சில வாட்ஸ்அப் மோட்களில் 'கேன்ஸ்ஸ்பை' என்ற உளவு மென்பொருள் சிக்கியது. போனை ஆன் செய்தாலோ, சார்ஜில் போட்டாலோ அது விழித்துக்கொள்ளும். காண்டாக்ட் பட்டியலை 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே அனுப்பும். உத்தரவு வந்தால் மைக்கை ஆன் செய்து பதிவு செய்யும். டெலிகிராம் சேனல்கள் வழியாகப் பரவிய இந்த மென்பொருளின் தாக்குதல்களை, அந்த ஆண்டு அக்டோபரில் மட்டும் 3.4 லட்சம் முறைக்கு மேல் தடுத்ததாக காஸ்பர்ஸ்கி கூறியது.

இவை எதிலும் ஆப் கோளாறாக ஓடவில்லை. மெசேஜ் போனது, வந்தது, ப்ளூ டிக் மறைந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

பெரிய மனிதர்களும் தப்பவில்லை

விஷயம் தெரியாதவர்கள்தான் இதில் மாட்டுவார்கள் என்று நினைத்தால், 2025-ல் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த அமைச்சரவைக் கூட்டத்தில், அப்போதைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் தன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு புகைப்படத்தில் பதிவானது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அவர் பயன்படுத்தியது பாதுகாப்புக்குப் பெயர்போன சிக்னல் ஆப் இல்லை என்பது தெரிந்தது. 'டெலிமெசேஜ்' என்ற நிறுவனம் செய்து தந்த, சிக்னல் மாதிரியே இருக்கும் மாற்று ஆப் அது.

இந்த நிறுவனத்தின் நோக்கம் தவறு என்று சொல்ல முடியாது. அரசு அதிகாரிகளின் உரையாடல்கள் சட்டப்படி ஆவணமாகச் சேமிக்கப்பட வேண்டும் என்பதற்காக அந்த வசதியைக் கூடுதலாகச் சேர்த்திருந்தது. ஆனால் அப்படிச் சேமிக்கும் இடத்தில் பழைய பூட்டு இல்லை. சில நாட்களிலேயே ஒரு ஹேக்கர் அதன் சர்வருக்குள் நுழைந்து, அமெரிக்கச் சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறையினர் தொடர்பான தகவல்கள் உட்படப் பலவற்றை எடுத்ததாகச் செய்தி வெளியானது. இதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை என்றும் சொல்லப்பட்டது. டெலிமெசேஜ் தன் சேவையையே நிறுத்தி வைத்தது.

நல்ல எண்ணத்தோடு, காசு வாங்கிக்கொண்டு, பெயரும் முகவரியும் உள்ள நிறுவனம் செய்த மாற்றத்திலேயே இவ்வளவு பெரிய ஓட்டை. பெயரே தெரியாதவர் இலவசமாகத் தரும் மாற்றத்தில் என்ன இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

'என் ப்ரொஃபைலை யார் பார்த்தாங்க?'

மோட் ஆப் வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் சறுக்கும் இடம், துணை ஆப்கள்.

2015 நவம்பரில் 'இன்ஸ்டாஏஜென்ட்' என்ற ஆப் சில நாடுகளில் இலவச ஆப் பட்டியலில் முதலிடத்துக்கே வந்தது. உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தை யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று சொல்லுவதாக வாக்குறுதி. உண்மையில் பயனர்களின் பாஸ்வேர்டை வேறொரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு ஆப்பிளும் கூகுளும் அதைத் தூக்கின.

2022 அக்டோபரில் ஃபேஸ்புக் பாஸ்வேர்டைத் திருடும் 400-க்கும் மேற்பட்ட ஆப்களை மெட்டா அடையாளம் கண்டது. அவற்றில் 355 ஆண்ட்ராய்டு, 47 ஐபோன் ஆப்கள். அதிகம் இருந்தவை போட்டோ எடிட்டர்கள். ஏறக்குறைய 43 சதவீதம். உத்தி ரொம்பச் சாதாரணம். ஆப்பைத் திறந்ததும் 'ஃபேஸ்புக் மூலம் லாகின் செய்க' என்று வரும். போட்டோவைக் கார்ட்டூனாக மாற்ற ஃபேஸ்புக் பாஸ்வேர்டு எதற்கு என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. சுமார் 10 லட்சம் பயனர்களுக்கு மெட்டா எச்சரிக்கை அனுப்பியது.

திருட்டே இல்லாமல், நாமே கொடுத்த அனுமதி நமக்கு எதிராகத் திரும்பியதும் உண்டு. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் நினைவிருக்கலாம். ஃபேஸ்புக்கில் வந்த ஒரு குணநல வினாடி வினா ஆப்தான் அதற்கு மூலம். இந்தியாவில் அதை இன்ஸ்டால் செய்தவர்கள் வெறும் 335 பேர். ஆனால் அவர்களையும் சேர்த்து, நண்பர்கள் பட்டியல் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடிய இந்தியர்கள் மொத்தம் 5,62,455 பேர் என்று 2018-ல் ஃபேஸ்புக்கே சொன்னது.

335 பேர் எங்கே, ஐந்தரை லட்சம் எங்கே! ஒருவர் கொடுக்கும் 'ஓகே' அவரோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

'நான்தான் யூஸ் பண்றதில்லையே, எனக்கென்ன?'

இதுதான் பலரும் கவனிக்காத பக்கம்.

நீங்கள் அசல் வாட்ஸ்அப் வைத்திருக்கலாம். உங்கள் குரூப்பில் ஒருவர் மோட் ஆப் வைத்திருந்தால், நீங்கள் 'எல்லோருக்கும் அழி' என்று அழித்த மெசேஜ் அவர் போனில் அப்படியே இருக்கும். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படத்தைச் சேமிக்கும் வசதியும் சில மோட்களில் உண்டு. அவசரத்தில் தப்பாக அனுப்பிய ஆதார் நகல், கோபத்தில் எழுதி உடனே அழித்த ஒரு வரி, ஒருவரை மட்டும் நம்பி அனுப்பிய படம் என எதற்கும் உத்தரவாதம் இல்லை.

அவர் போனில் உளவு மென்பொருள் இருந்தால், உங்கள் பெயரும் நம்பரும் அவருடைய காண்டாக்ட் பட்டியலோடு சேர்ந்தே போகும். அவர் கணக்கு வேறொருவர் கைக்குப் போனால், 'அவசரமா பத்தாயிரம் அனுப்பு' என்ற மெசேஜ் வரப்போவது உங்களுக்குத்தான். அதுவும் தெரிந்த நம்பரில் இருந்து, தெரிந்த போட்டோவோடு வரும்.

அதனால் ரகசியம் என்று நினைக்கும் எதையும் அனுப்பும் முன், எதிர்முனையில் இருப்பவர் எந்த ஆப்பில் படிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

தடை, ஆசை, வதந்தி: மோசடி நுழையும் வழிகள்

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 சீன ஆப்களை மத்திய அரசு தடை செய்தது. அடுத்த சில நாட்களிலேயே 'டிக்டாக் ப்ரோ வந்தாச்சு' என்று எஸ்எம்எஸ்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் லிங்க் பறந்தது. அது டிக்டாக்கே இல்லை.

2021-ல் 'வாட்ஸ்அப் பிங்க்' வந்தது. பச்சைக்குப் பதில் ரோஸ் கலர், புதுப்புது வசதிகள் என்று ஆசைகாட்டிய அந்த லிங்க், தொட்டவரின் போனில் இருந்து மற்ற குரூப்களுக்குத் தானாகவே பரவியது. 2023-ல் அதே பிங்க் மறுபடியும் சுற்றியபோது மும்பை காவல்துறை எச்சரிக்கை வெளியிட்டது.

இப்போது இதே ரூட்டில்தான் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது, அரசுத் திட்ட விண்ணப்பம் என்ற பெயர்களில் ஏபிகே ஃபைல்கள் வருகின்றன. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். இன்ஸ்டால் செய்யச் சொல்லும் பத்திரிகை எங்கேயும் கிடையாது. ஃபைல் பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று முடிந்தால், அது ஆப். அனுப்பியது சொந்தத் தாய்மாமாவாக இருந்தாலும் தொடக்கூடாது. ஒரு போன் போட்டுக் கேட்டால், 'நான் அனுப்பவே இல்லையே' என்பார்.

அப்படியென்றால் எல்லா தேர்டு பார்ட்டி ஆப்பும் மோசமா?

இல்லை. டெலிகிராம் தன் ஆப்களின் மூல நிரலை வெளியிட்டு, மற்றவர்களும் ஆப் செய்ய அனுமதிக்கிறது. ட்விட்டரில் பல ஆண்டுகள் ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் போன்ற வெளியார் ஆப்கள் நல்ல பெயரோடு ஓடின. 2023 ஜனவரியில் ட்விட்டர் திடீரென அவற்றின் இணைப்பைத் துண்டித்தது. ரெட்டிட் தளத்தைப் பயன்படுத்த உதவிய அப்போலோ ஆப், அந்த நிறுவனம் கட்டணம் விதித்ததால் அதே ஆண்டு ஜூன் இறுதியில் மூடப்பட்டது. அவை பாதுகாப்புக் குறைபாட்டால் மூடப்பட்டவை அல்ல. நிறுவனங்களின் வியாபார முடிவால் மூடப்பட்டவை.

எனவே 'வெளி ஆப் என்றாலே ஆபத்து' என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது அதில் அதன் லாபக் கணக்கும் கலந்திருக்கலாம். ஆனால் அதற்காக எதையும் நம்பிவிடவும் முடியாது. நிரல் வெளிப்படையாக இருக்கும் டெலிகிராமின் பெயரிலேயே, உளவு பார்க்கும் மோட்கள் 2023 செப்டம்பரில் ப்ளே ஸ்டோரில் பிடிபட்டன. அவற்றை 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டவுன்லோட் செய்திருந்தார்கள்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான்கு கேள்விகள் போதும். இந்த ஆப்பைச் செய்தவர் யார் என்று தெரிகிறதா? சேவை நடத்தும் நிறுவனம் இதை அனுமதிக்கிறதா? சொல்லும் வேலைக்கும் கேட்கும் அனுமதிக்கும் பொருத்தம் இருக்கிறதா? உங்கள் பாஸ்வேர்டை இந்த ஆப்பிலேயே டைப் செய்யச் சொல்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் மற்ற மூன்றையும் பார்க்கவே வேண்டாம், வெளியே வந்துவிடலாம்.

மோட் தரும் வசதி அசல் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறதா?

பாதிக்கு மேல் இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை என்பதுதான் விஷயம்.

ப்ளூ டிக்: செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் 'ரீட் ரிசீட்ஸ்' ஆஃப் செய்தால் போதும். ஆனால் மற்றவர் படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. குரூப்களில் இது செல்லாது.

ஆன்லைனில் இருப்பதை மறைக்க: 'லாஸ்ட் சீன்', 'ஆன்லைன்' இரண்டையும் மறைக்கும் வசதி 2022-ல் அறிவிக்கப்பட்டது.

ஒரே போனில் இரண்டு நம்பர்: ஆண்ட்ராய்டில் இந்த வசதியை 2023 அக்டோபரில் வாட்ஸ்அப் அறிவித்தது. இரண்டாவது சிம் இருந்தால் போதும்.

தனிப்பட்ட சாட்டைப் பூட்ட, அனுப்பிய மெசேஜை 15 நிமிடத்துக்குள் திருத்த: இரண்டும் 2023 மே மாதம் முதல் உண்டு.

தெளிவான போட்டோ அனுப்ப: எச்டி வசதி 2023 ஆகஸ்ட்டில் வந்தது.

சாட்டுக்கு விதவிதமான கலர்: தீம் வசதி 2025-ல் வந்துவிட்டது.

தராத முக்கிய வசதி, அடுத்தவர் அழித்ததைப் பார்ப்பது. அதைத் தராததற்குக் காரணம் உண்டு. அழிக்கும் உரிமை அனுப்பியவருடையது. நாளைக்கு நீங்களும் ஒன்றை அழிக்க வேண்டி வரலாம்.

ஏற்கெனவே மோட் ஆப் வைத்திருக்கிறேன், என்ன செய்வது?

பதற்றம் வேண்டாம். வரிசையாகச் செய்தால் அரைமணி நேர வேலைதான்.

1. முக்கியமான படங்கள், ரசீதுகள், ஆர்டர் விவரங்களைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மோட் ஆப்பில் உள்ள பழைய சாட் முழுவதும் அசல் ஆப்புக்கு வரும் என்று உறுதி கிடையாது.

2. தற்காலிகத் தடை வந்திருந்தால், மோட் ஆப்பையே மறுபடி மறுபடி திறந்து முயற்சி செய்ய வேண்டாம். அசல் ஆப்புக்கு மாறுங்கள்.

3. ப்ளே ஸ்டோர் அல்லது ஆப்பிள் ஆப் ஸ்டோரில் இருந்து வாட்ஸ்அப்பை இறக்குங்கள். ப்ளே ஸ்டோரில் செய்தவர் பெயர் 'வாட்ஸ்அப் எல்எல்சி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நம்பரில் லாகின் செய்து, ஓடிபியை அந்த ஆப்பில் மட்டும் கொடுங்கள்.

4. மோட் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். இறக்கிய ஏபிகே ஃபைலையும் டவுன்லோட்ஸில் இருந்து அழியுங்கள்.

5. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறங்கள். தெரியாத கம்ப்யூட்டரோ, பிரவுசரோ இருந்தால் உடனே லாக்அவுட் செய்யுங்கள்.

6. 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' ஆன் செய்து 6 இலக்க பின் வையுங்கள். மறந்தால் மீட்க இமெயிலும் கொடுங்கள். பிறந்த தேதியை பின்னாக வைக்காதீர்கள்.

7. போன் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பகுதிக்குப் போய், எல்லா ஆப்புக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். 'அக்சஸிபிலிட்டி' பகுதியில் தெரியாத ஆப் ஏதும் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். திரையில் இருப்பதைப் படிக்கும் சக்தி அந்த அனுமதிக்கு உண்டு.

8. ப்ளே ஸ்டோரில் 'ப்ளே ப்ரொடெக்ட்' ஸ்கேன் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் போன் சூடாவது, டேட்டா கரைவது, தானாக விளம்பரம் வருவது தொடர்ந்தால் ஃபேக்டரி ரீசெட் செய்வதே நல்லது.

9. கூகுள் கணக்கு, பேங்க் ஆப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். சந்தேகத்துக்குரிய போனில் இருந்தே மாற்றினால் புதியதும் போய்விடும். அதனால் போனைச் சுத்தம் செய்த பிறகு அல்லது வேறொரு போனில் இருந்து மாற்றுங்கள்.

இன்ஸ்டா, ஃபேஸ்புக்கில் எந்தெந்த ஆப்புக்கு முன்பு அனுமதி கொடுத்தீர்கள் என்ற பட்டியல் செட்டிங்ஸில் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' என்ற பெயரில் இருக்கும். பல வருடத்துக்கு முன் ஆடிய வினாடி வினாகூட அங்கே உட்கார்ந்திருக்கலாம். தேவையில்லாததை நீக்குங்கள்.

பணமோ கணக்கோ போய்விட்டால்?

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் பதியலாம். பேங்க்கையும் அதே நேரத்தில் அழைத்துச் சொல்லுங்கள்.

கணக்கு மட்டும் பறிபோயிருந்தால், அசல் வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பரைக் கொடுத்து மறுபடியும் லாகின் செய்தால், மற்றவர் போனில் இருந்து அது வெளியேறிவிடும். உடனே எஸ்எம்எஸ் மூலமாகவோ போன் செய்தோ தெரிந்தவர்களிடம் 'என் நம்பரில் இருந்து பணம் கேட்டால் தராதீர்கள்' என்று சொல்லிவிடுவது முக்கியம்.

அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவதும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். 'என் தப்புதானே, எப்படிப் போய் சொல்றது' என்று கூச்சப்பட வேண்டியதில்லை. மோட் ஆப் வைத்திருந்தவர் என்றாலும் ஏமாற்றப்பட்டவர் ஏமாற்றப்பட்டவர்தான்.

இனி என்ன மாறும்?

ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இன்ஸ்டால் செய்யும் ஆப்களையும் யார் செய்தது என்று சரிபார்க்கும் முறையைக் கொண்டுவருவதாக கூகுள் 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிவாக்குவது அதன் திட்டம். முகம் தெரியாதவரின் ஏபிகே ஃபைல் போனில் ஏறுவதை இது கடினமாக்கும். சொந்தமாக ஆப் செய்யும் சிறியவர்களின் சுதந்திரத்தை இது பாதிக்கும் என்ற எதிர்ப்பும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் ஆபத்தை உணர்ந்தே இன்ஸ்டால் செய்துகொள்ள ஒரு வழி இருக்கும் என்று கூகுள் பிறகு கூறியது. ஆக, கடைசி முடிவு அப்போதும் நம் விரலில்தான் இருக்கும்.

அதுவரை ஒரு சின்ன வேலை. உங்கள் போனைப் பார்த்து முடித்த பிறகு, வீட்டில் இருக்கும் அம்மா, அப்பா போனையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கும் வாட்ஸ்அப்பை யாரோ ஒரு சொந்தக்காரப் பையனோ, ரீசார்ஜ் கடைக்காரரோ ஏற்றிக் கொடுத்திருப்பார். எதை ஏற்றினார் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியவேண்டும்.